கரையோர மக்களும் கண்டத்துக்குள் ஏறிய மொழியும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் நாட்காட்டிப் பக்கத்தில், ஜூலை 7ஆம் நாளை உலக சுவாஹிலி மொழி நாளாக யுனெஸ்கோ அறிவித்திருப்பதை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரிக்கு வடசென்னையிலிருந்து மட்டும் இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. துறைமுகத்தையும் கப்பலையும் நம்பிப் பல தலைமுறைகளாக வாழும் வட்டாரம் என்பதால் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையைப் பற்றிய ஆர்வம் இயல்பாகவே எழுந்திருக்கலாம். எனவே இம்முறை பகுதி முழுவதும் அந்தப் பொருளுக்கே.

சுவாஹிலி மக்கள் அராபியர்களா, ஆப்பிரிக்கர்களா, இரண்டும் கலந்தவர்களா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?
— கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

ஆப்பிரிக்கர்கள் என்பதே முதல் விடை. மற்றவை அதற்குப் பிறகுதான். தெற்குச் சோமாலியாவில் தொடங்கி, கென்யா, தான்சானியா கரைகள் வழியாக வடக்கு மொசாம்பிக் வரை நீளும் கடலோரத்திலும், லாமு, பாத்தே, பெம்பா, சான்சிபார், கில்வா முதலிய தீவுகளிலும் வாழ்ந்துவரும் நகர மக்களே சுவாஹிலிகள். கரைகளைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து அவர்கள் பெயர் வந்ததால், மக்களும் அரேபியாவிலிருந்து வந்து குடியேறியவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. காலனி ஆட்சிக் காலத்து ஆய்வாளர்கள், பவளக்கல்லில் எழுந்த பள்ளிவாசல்களையும் மாளிகைகளையும் பார்த்துவிட்டு, இவ்வளவு நேர்த்தியானவற்றை உள்ளூர் மக்கள் கட்டியிருக்க முடியாது என்று தீர்ப்பெழுதினார்கள். அந்தத் தீர்ப்பில் ஆராய்ச்சியைவிட ஆணவமே அதிகம்.

1980களில் பாத்தே தீவிலுள்ள ஷங்கா என்னும் பழைய நகரத்தில் நடந்த அகழாய்வு அதைப் புரட்டிப் போட்டது. அங்கே கீழடுக்குகளில் கிடைத்தவை மண்ணாலும் மரத்தாலும் ஆன வீடுகளும், உள்நாட்டு மக்கள் பயன்படுத்திய அதே வகை மட்பாண்டங்களுமே. 8ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அங்கே ஒரு சிறிய மரப் பள்ளிவாசல் எழுகிறது. அதே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொரு முறையும் சற்றுப் பெரியதாக வேறு பள்ளிவாசல்கள் எழுந்து, இறுதியில் கல் கட்டடமாகிறது. கடல் கடந்து வந்த கூட்டம் ஒரே நாளில் நிறுவிய குடியேற்றத்தில் இப்படி ஒரு படிப்படியான வளர்ச்சியைக் காண முடியாது.

ஆனால் கலப்பே இல்லை என்று சொன்னால் அதுவும் தவறு. தங்கள் முன்னோர் பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தவர்கள் என்று கில்வாவின் அரச குடும்பம் சொல்லிவந்தது. அது வெறும் குலப்பெருமை என்று பல அறிஞர்கள் ஒதுக்கினார்கள். 2023இல் வெளியான மரபணு ஆய்வொன்று, 1250க்கும் 1800க்கும் இடைப்பட்ட காலத்தில் அக்கரையில் அடக்கம் செய்யப்பட்ட 80 பேரின் எலும்புகளை ஆராய்ந்தது. அவர்களுள் பலருடைய மரபணுவில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்க முன்னோரிடமிருந்து வந்தது. அது பெரும்பாலும் தாய்வழியே வந்திருந்தது. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய ஆசியக் கலப்பு பெரும்பாலும் பாரசீக ஆண்களிடமிருந்தும், ஓரளவு இந்தியர்களிடமிருந்தும் வந்தது. 1500க்குப் பிறகே அரேபியப் பங்கு மேலோங்கியது. ஆக, கில்வாக்காரர்கள் சொன்ன கதையில் உண்மை இருந்திருக்கிறது. தந்தையர் கடல் கடந்து வந்தாலும் பிள்ளைகள் பேசியது தாயின் மொழியைத்தான் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் இத்தனை கலப்புக்குப் பிறகும் சுவாஹிலி ஓர் ஆப்பிரிக்க மொழியாகவே நிற்கிறது.

அவ்வளவு தூரம் எந்தப் படகில் போனார்கள்? ஆணி இல்லாமல் கட்டிய படகு அங்கேயும் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
— படகு கட்டும் தொழிலாளி, காசிமேடு

முற்றிலும் உண்மை. லாமு வட்டாரத்தில் 'ம்தேப்பே' என்ற படகு இருந்தது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து இணைப்பார்கள்; இரும்பாணி கிடையாது. பாய், துணியால் அல்லாமல் ஓலைப் பாயாகவே முடையப்பட்டிருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வழக்கொழிந்தது. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலைகளுக்கு ஊடே கரை சேர்த்த மசூலாப் படகும் இதே முறையில் கயிற்றால் தைக்கப்பட்டதுதான். தைத்த படகு அலையில் வளைந்து கொடுக்கும், ஆணி அடித்த படகு பிளந்துவிடும் என்ற தொழில்நுட்பம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரை கற்றுக்கொண்டது என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டாம். இந்தியப் பெருங்கடலின் கரைகள் பலவற்றிலும் தைத்த படகுகள் இருந்தன.

தொலைதூரப் பயணத்தைச் சாத்தியமாக்கியது காற்று. ஆண்டின் இறுதியில் தொடங்கி மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசும் காற்றை அவர்கள் 'கஸ்காசி' என்பார்கள். அரேபியாவிலிருந்தும் மேற்கு இந்தியாவிலிருந்தும் மரக்கலங்கள் அதில் ஏறி வரும். ஏப்ரல் முதல் தென்மேற்கிலிருந்து வீசும் 'கூசி'யில் திரும்பிப் போகும். கூசி எழும்வரை வணிகர் கரையிலேயே தங்கியாக வேண்டும். தங்கியவர்கள் பெண் கொண்டார்கள், வீடு கட்டினார்கள். முந்தைய கேள்வியில் சொன்ன கலப்பின் காரணத்தில் பாதி இந்தக் காத்திருப்புதான். தங்கமும் யானைத் தந்தமும் சதுப்புநில மரக்கழிகளும் வெளியே போயின; துணியும் மணியும் சீனப் பீங்கானும் உள்ளே வந்தன. தெற்கே சோஃபாலாவிலிருந்து வந்த தங்கத்தின் வணிகத்தைக் கைக்குள் வைத்திருந்த கில்வா, சொந்தமாகச் செப்புக்காசு அடிக்கும் அளவுக்கு வளர்ந்தது. 1331இல் அங்கே சென்ற மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, அழகான நகரங்களுள் ஒன்றாக அதைப் போற்றினார். 1498இல் வாஸ்கோ ட காமா கென்யக் கரையின் மாலிந்தியில் ஒரு மாலுமியைப் பெற்றுத்தான் கோழிக்கோட்டுக்கு வழி கண்டார். அந்த மாலுமி புகழ்பெற்ற அரபுக் கடலோடி இப்னு மாஜித்தான் என்ற கதையை இன்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. வழிகாட்டிய கரைக்குக் கிடைத்த கைம்மாறு, 1505இல் போர்த்துகீசியத் தளபதி அல்மெய்டாவின் கப்பல்கள் கில்வாவையும் மொம்பாசாவையும் சூறையாடியதுதான்.

சுவாஹிலிக்குச் சொந்த எழுத்து உண்டா?
— ஓய்வுபெற்ற அரபு ஆசிரியர், மண்ணடி

தனி எழுத்து இல்லை. பல நூற்றாண்டுகள் அரபு எழுத்திலேயே எழுதினார்கள். அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டியும் எழுத்துகளைத் திருத்தியும் சமாளித்தார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் படித்தவரான தங்களுக்கு இந்த ஏற்பாடு சிறிதும் புதிதாக இராது. இரண்டு கரைகளும் இஸ்லாமியச் சட்டத்தில் ஷாஃபியீ நெறியைப் பின்பற்றுபவை என்பதும், ஏமன் நாட்டு ஹள்ரமவ்த்திலிருந்து வந்த அறிஞர் குடும்பங்கள் இரண்டிலும் மதிக்கப்பட்டவை என்பதும் தங்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடும்.

இன்று கிடைக்கும் மிகப் பழைய கையெழுத்துப் படிகளுள் ஒன்று 1728ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பைசாந்தியப் பேரரசுடன் நடந்த போரைப் பாடும் நெடுங்கவிதை அது. 1858இல் நோயுற்றிருந்த ம்வானா குபோனா என்ற பெண் கவிஞர் தம் மகளுக்குச் சொன்ன அறிவுரைப் பாடல் இன்றும் அங்கே மதிப்போடு படிக்கப்படுகிறது. கணவனுக்கு அடங்கி நட என்று அதில் வரும் பகுதிகள் இன்றைய பெண்களுக்கு உவப்பாக இரா. ஆயினும் அரபு எழுத்தில் பெண்கள் கவிதை எழுதிய ஒரு சமூகம் அது என்பதற்கு அந்தப் பாடலே சான்று. ரோமன் எழுத்து, மதபோதகர்களும் காலனி அரசுகளும் கொண்டுவந்தது. பள்ளிகளில் அதுவே நிலைத்தது.

தமிழைப் போல அதுவும் ஒட்டுநிலை மொழி என்று படித்தேன். எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.
— தமிழாசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

ஒட்டும் முறையில் ஒற்றுமை உண்டு. ஒட்டும் இடம் நேர் எதிர். 'படித்தேன்' என்ற சொல்லில் வினையடி முன்னும், காலமும் இடமும் காட்டும் உறுப்புகள் பின்னும் நிற்கின்றன. சுவாஹிலியில் இடம், காலம், வினையடி என்ற வரிசை. 'சோமா' என்பது படி என்னும் வினை. 'நினசோமா' என்றால் படிக்கிறேன். 'நிலிசோமா' என்றால் படித்தேன். 'நிதசோமா' என்றால் படிப்பேன். 'நி' தன்மை ஒருமையைக் காட்ட, நடுவிலுள்ள அசை காலத்தைக் காட்டுகிறது. 'அனசோமா' என்பது படிக்கிறான், படிக்கிறாள் ஆகிய இரண்டுக்கும் பொது. வினைமுற்றில் ஆண்பால் பெண்பால் வேறுபாடே இல்லை. பிறவினை மட்டும் நம்மைப் போலவே வினையடிக்குப் பின்னால் ஒட்டுகிறது: 'சோமேஷா' என்றால் படிக்க வை.

தங்களுக்கு மிகவும் சுவையாக இருக்கக்கூடியது அவர்களுடைய பெயர்ச்சொல் வகுப்பு. தொல்காப்பியர் உலகத்தை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்தார். சுவாஹிலி இலக்கணம் பத்துக்கும் மேற்பட்ட வகுப்புகளாகப் பகுக்கிறது. மனிதர்க்கு ஒரு வகுப்பு, மரங்களுக்கு ஒன்று, கருவிகளுக்கும் பொருள்களுக்கும் ஒன்று என்று பொதுவாகச் சொல்லலாம், விதிவிலக்குகள் ஏராளம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருமையில் ஒரு முன்னொட்டு, பன்மையில் வேறொரு முன்னொட்டு: குழந்தை 'ம்தோதோ', குழந்தைகள் 'வதோதோ', மரம் 'ம்தி', மரங்கள் 'மிதி'. அந்த முன்னொட்டுக்கு ஏற்பப் பெயரடையும் எண்ணும் வினையும் மாறியாக வேண்டும். விலங்குகள் விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் தாராளமானவர்கள். சிங்கமும் நாயும் பூனையும் மனிதர்க்குரிய வினைமுற்றையே கொள்கின்றன.

பிறமொழிச் சொல் உள்ளே வந்தால் அதுவும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டும். புத்தகத்தைக் குறிக்கும் 'கிதாபு' அரபியிலிருந்து வந்தது. முதலிலுள்ள 'கி'யைத் தங்கள் வகுப்பு முன்னொட்டாகவே பாவித்து, புத்தகங்கள் என்பதற்கு 'விதாபு' என்று பன்மை அமைத்துக்கொண்டார்கள். அரபு இலக்கணத்தைக் கேட்கவே இல்லை. சுவாஹிலி பாதி அரபி என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் சான்று இதுதான். சொற்களில் கணிசமான பங்கு அரபியிலிருந்து வந்தது மெய். எண்களைப் பாருங்கள்: ஒன்று முதல் ஐந்து வரையும், எட்டும் பத்தும் சுவாஹிலி சேர்ந்த ஆப்பிரிக்க மொழிக் குடும்பமான பாண்டுவின் பழைய சொற்கள், ஆறும் ஏழும் ஒன்பதும் அரபு. ஆனால் மொழியின் எலும்புக்கூடு இலக்கணம். அது முழுவதும் பாண்டுதான். தமிழில் எத்தனை வடசொல் கலந்தாலும் அது வடமொழியாகிவிடாது என்று வகுப்பில் விளக்கியிருப்பீர்கள், வாதம் அதேதான்.

வகுப்பில் சொல்ல ஒரு சிறு பட்டியலும் தருகிறேன். போர்த்துகீசியர் இரண்டு கரைகளிலும் விட்டுச்சென்றவை: நம் மேசை அங்கே 'மேசா', அன்னாசி 'நனாசி', பாதிரி 'பத்ரி', தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் வழங்கும் லேஞ்சி 'லேசோ'. அரபு வழியே இரண்டுக்கும் வந்தவை: வக்கீல் 'வகீலி', நகல் 'நகாலா', அசல் 'அசீலி'.

தார் எஸ் சலாமில் எங்கள் கப்பல் நின்றபோது, மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன ஏஜென்ட் காலை ஒன்பதுக்கே வந்து நின்றார். ஏன்?
— ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர், இராயபுரம்

அவர் சரியாகத்தான் வந்திருக்கிறார். சுவாஹிலிக் கணக்கில் பகல், சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. நமது காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. ஒன்பது, மூன்று மணி. நண்பகல், ஆறு மணி. இரவிலும் அப்படியே. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம் என்பதால் அங்கே இந்தக் கணக்கு பிசகுவதில்லை. உதயாதி நாழிகை பார்த்து முகூர்த்தம் குறித்த நமக்கு இது விந்தையாகத் தோன்றக் கூடாது. ஆறைக் கூட்டியோ கழித்தோ புரிந்துகொள்ளலாம்.

சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரும் தான்சானியா, கென்யா குடும்பங்கள் எங்கள் விடுதியில் தங்குகிறார்கள். இரண்டு வார்த்தை அவர்கள் மொழியில் பேச ஆசை.
— தங்கும் விடுதி நடத்தும் வாசகி, இராயபுரம்

'ஜாம்போ' என்று தொடங்காதீர்கள். அது சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்ட வணக்கம். 'ஹபாரி' என்று நலம் விசாரியுங்கள். வயதில் மூத்தவரானால் 'ஷிகாமோ' என்று வணங்க வேண்டும். அவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்வார். மூத்தவருக்கு இதைச் சொல்லாமல் விட்டால் வளர்ப்பு சரியில்லை என்று நினைப்பார்கள். வரவேற்க 'கரீபு', நன்றிக்கு 'அசாந்தே'.

எல்லாவற்றையும்விட உங்களுக்குப் பயன்படும் சொல் 'போலே'. நோயுற்றவர், களைத்தவர், துக்கத்தில் இருப்பவர் என யாராயினும், அவருடைய வருத்தத்தில் நமக்கும் பங்கு உண்டு என்று தெரிவிக்க இதைச் சொல்வார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பும் நோயாளியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

துவரம் பருப்பு மூட்டைகள் தான்சானியாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வருகின்றன. அவர்களும் துவரை சாப்பிடுவார்களா?
— மளிகை மொத்த வணிகர், கொத்தவால்சாவடி

சாப்பிடுவார்கள். துவரை அங்கே 'ம்பாசி'. கரையோரத்தில் அதைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, காலை உணவாகவே உண்பார்கள். சாம்பார் மட்டும் கிடையாது. கணக்குப் பேசும்போது உங்களுக்கு அதிகச் சிரமம் இராது: நூறாயிரத்தை அவர்களும் 'லக்கி' என்றே சொல்கிறார்கள், பணம் 'பேசா', கடை 'டுக்கா', வண்டி 'காரி'. எல்லாம் குஜராத்தி, கச்சி வணிகர்கள் விட்டுச்சென்ற தடம். 2007இல் கென்யாவில் தொடங்கி உலகப் புகழ் பெற்ற கைப்பேசிப் பணப்பரிமாற்றச் சேவை எம்-பேசாவின் பெயரில் இருப்பதும் இந்தப் 'பேசா'தான்.

நம் பக்கத்துக் கட்டம்போட்ட துணி ஆப்பிரிக்காவில் பெரிய மதிப்புள்ளது என்று என் பாட்டனார் சொல்வார். அது சுவாஹிலிக்காரர்களா?
— நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த வாசகர், காலடிப்பேட்டை

கண்டம் சரி, கரை வேறு. மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் சென்னை, பழவேற்காடு வட்டாரங்களிலிருந்து போன கட்டத்துணியைப் போற்றியவர்கள் மேற்கு ஆப்பிரிக்கர்கள். குறிப்பாக நைஜீரியாவின் கலபாரி மக்கள் பிறப்பு, இறப்புச் சடங்குகளிலெல்லாம் அதை வைத்திருந்தார்கள். கிழக்குக் கரையின் துணி 'கங்கா'. ஒரு சோடியாக விற்கப்படும் செவ்வக அச்சுத்துணி. நான்கு பக்கமும் அகலக் கரை, நடுவில் உருவம், அதற்குக் கீழே ஒரு வரி வாசகம். பெரும்பாலும் பழமொழி, பல சமயம் குத்தல். பக்கத்து வீட்டாரிடமோ சக்களத்தியிடமோ வாயால் சொல்ல முடியாததைத் துணியில் உடுத்திக்கொண்டு தெருவில் நடப்பார்கள். யாரும் ஏன் என்று கேட்க முடியாது, துணிதானே! வாசகம் அச்சிடும் வழக்கத்தைப் பரப்பியதில் மொம்பாசாவில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி வணிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்திய ஆலைகளும் கங்கா அச்சடித்து அனுப்பியிருக்கின்றன.

இங்கே இந்தியைத் திணிக்க முயன்றதுபோலத்தானே அங்கே சுவாஹிலியையும் திணித்திருப்பார்கள்? கரையோரத்தில் சிலர் பேசிய மொழி எப்படிக் கண்டம் முழுவதும் பரவியது?
— வழக்கறிஞர், வியாசர்பாடி

இக்கேள்வி வராமல் இராது என்று தெரியும். நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

முதலில் பரப்பியது அரசு அல்ல, வணிகக் கூட்டம். 19ஆம் நூற்றாண்டில் ஓமான் சுல்தான் செய்யிது சயீது தம் தலைமையிடத்தைச் சான்சிபாருக்கு மாற்றிக்கொண்டு, கிராம்புத் தோட்டங்களை வளர்த்தார். தந்தத்துக்காகவும் அடிமைகளுக்காகவும் பகமோயோவிலிருந்து தபோரா வழியாகத் தங்கனீக்கா ஏரிக்கரையின் உஜிஜி வரை சுமையாட்களின் அணிகள் நடந்தன. வழித்துணை மொழி சுவாஹிலி. இந்த மொழியின் வரலாற்றை வெறும் இனிய கடற்காற்றாக எழுதுபவர்கள் அந்த அடிமைப் பாதையை விட்டுவிடுகிறார்கள்; அப்படி விடுவது நேர்மை அல்ல. 1873இல் ஆங்கிலேயரின் நெருக்குதலால் சுல்தான் பர்கஷ் சான்சிபாரின் அடிமைச் சந்தையை மூடினார். அடிமைமுறைக்கான சட்ட ஏற்பு 1897 வரை அங்கே நீடித்தது. உள்நாட்டு மக்களில் சிலருக்குச் சுவாஹிலியோடு கசப்பான நினைவும் சேர்ந்திருந்ததற்கு இது காரணம்.

பிறகு மதபோதகர்கள் அகராதி தொகுத்தார்கள். ஜெர்மானியர் தங்கள் ஆட்சிப் பகுதியில் கீழ்நிலை நிர்வாகத்தைச் சுவாஹிலியில் நடத்தினார்கள். 1928இல் மொம்பாசாவில் கூடிய மாநாட்டில், ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளுக்குச் சான்சிபார் நகர வழக்கே பொது வழக்கு என்று முடிவு செய்யப்பட்டது. 1954ஆம் ஆண்டு ஜூலை 7 அன்று ஜூலியஸ் நைரேரேயின் தலைமையில், இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதியான தங்கனீக்காவின் விடுதலைக் கட்சி, தங்கனீக்கா ஆப்பிரிக்க தேசிய ஒன்றியம், சுவாஹிலியை விடுதலைப் போராட்டத்தின் கருவியாக ஏற்றது. உலக நாளுக்கு அந்தத் தேதி வந்தது அதனால்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். தான்சானியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. அவற்றுள் எதைத் தாய்மொழியாகக் கொண்டோரும் நாட்டில் பெரும்பான்மையினர் அல்லர். சுவாஹிலியைத் தாய்மொழியாகக் கொண்ட கரையோர மக்களோ சிறுபான்மையினர், அரசியல் பலமும் குறைந்தவர்கள். நைரேரேயின் தாய்மொழி சனாக்கி என்னும் சிறிய மொழி. அவர் சுவாஹிலியை முன்வைத்தபோது, தன் மொழியைப் பிறர்மேல் ஏற்றுகிறார் என்று யாரும் குற்றம்சாட்ட முடியவில்லை. எண்ணிக்கை பலம் கொண்ட ஒரு பிரிவின் மொழி ஆட்சி பலத்தோடு வந்ததுதான் இங்கே எதிர்ப்பைக் கிளப்பியது. அங்கே அந்த நிலை இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்கவில்லை.

ஆனால் உகாண்டாவைப் பார்த்தால் உங்கள் ஐயம் நியாயமானதுதான் என்று தெரியும். அங்கே சுவாஹிலி, படையினரும் காவலரும் அதட்டும் மொழியாகவே மக்கள் காதில் விழுந்தது. 1973இல் இராணுவ ஆட்சியாளர் இடி அமீன் ஆணை பிறப்பித்து அதைத் தேசிய மொழியாக்கினார். லுகாண்டா பேசும் பெருங்குடியினர் அதை மனத்தால் ஏற்கவே இல்லை. மீண்டும் அதிகாரபூர்வ மொழியாக்கி அமைச்சரவை ஒப்புதல் தந்ததோ 2022இல். எந்தக் கையால் கொடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்தே மக்கள் ஒரு மொழியை வாங்கிக்கொள்கிறார்கள். கென்யா 2010 அரசியல் சட்டத்தில் ஆங்கிலத்தோடு அதையும் ஆட்சிமொழியாக்கியது; ருவாண்டா 2017இல் ஏற்றது; காங்கோ சனநாயகக் குடியரசில் அது நான்கு தேசிய மொழிகளுள் ஒன்று; ஆப்பிரிக்க ஒன்றியம் 2022இல் அலுவல் மொழியாக்கியது. பேசுவோர் 20 கோடிக்கும் மேல் என்கிறது யுனெஸ்கோ. அதில் மிகப் பெரும்பாலோர்க்கு அது இரண்டாவது அல்லது மூன்றாவது மொழி.

இழப்பும் உண்டு. தான்சானியாவின் சிறிய மொழிகளுக்குப் பள்ளியில் இடமில்லை; நகரத்துக் குழந்தைகள் அவற்றை மறந்து வருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், தொடக்கப்பள்ளி வரை சுவாஹிலியில் படித்தவர்கள் உயர்நிலைப்பள்ளியில் கால் வைத்ததும் ஆங்கிலத்துக்கு மாறியாக வேண்டும். பாடம் புரியாமல் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றிய விவாதம் அங்கே பல பத்தாண்டுகளாக ஓயவில்லை.

பொதுவழக்கு வந்த பிறகு, பழைய கரையோரச் சுவாஹிலிகளின் நிலை என்ன? அவர்கள் மொழி வென்றதில் அவர்களுக்கு மகிழ்ச்சிதானே?
— நூலகர், திருவொற்றியூர்

மகிழ்ச்சியோடு மனக்குறையும் உண்டு. பழங்கவிதைகள் பெரும்பாலும் லாமு, பாத்தே, மொம்பாசா வழக்குகளில் எழுதப்பட்டவை. பள்ளியில் கற்பிக்கப்படும் பொதுவழக்கோ சான்சிபார் நகரத்துடையது. லாமுவின் சிறுவன் தன் வீட்டுப் பேச்சைத் தேர்வில் எழுதினால் பிழை என்று மதிப்பெண் குறையும். உள்நாட்டிலிருந்து வந்து பொதுவழக்கைப் படித்த ஆசிரியர் அவனைத் திருத்துவார். நைரோபி இளைஞர்கள் ஆங்கிலத்தையும் பிற மொழிகளையும் கலந்து பேசும் 'ஷெங்'கைக் கேட்டால் மொம்பாசாக் கிழவர்களுக்குக் கோபம் வரும். அதை நான் அழிவாகக் கருதவில்லை. வடசென்னைத் தமிழைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். நம் தமிழுக்கு அதனால் என்ன குறைந்துவிட்டது?

மெய்யாகவே கவலை தருவது சோமாலியாவின் பராவா நகரத்து வழக்கு. கரையின் வடகோடியில், சோமாலி மொழிக்கு நடுவே, தனித்த இலக்கணக் கூறுகளோடு வாழ்ந்த பேச்சு அது. 1991இல் மூண்ட உள்நாட்டுப் போரில் அந்நகர மக்களுள் மிகப் பலர் கென்யாவுக்கும் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சிதறிவிட்டார்கள். பிள்ளைகள் வேறு மொழிகளில் வளர்கிறார்கள்.

சான்சிபாரில் திறந்துள்ள சென்னை ஐஐடி வளாகத்தில் என் மகள் சேர விரும்புகிறாள். முன்னதாகவே மொழி கற்க வேண்டுமா?
— அரசு ஊழியர், எண்ணூர்

2023இல் தொடங்கிய அந்த வளாகத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான். படிப்புக்கு மொழி தடையாகாது. ஆனால் சந்தையில், பேருந்தில், பக்கத்து வீட்டில் சுவாஹிலி இல்லாமல் வாழ்ந்தால் தீவின் விருந்தாளியாகவே காலம் கழியும். கற்கக் கடினமான மொழி அல்ல: எழுதியபடியே படிக்கலாம், பாண்டு மொழிகள் பலவற்றிலுள்ள சுரவேறுபாட்டுச் சிக்கல் இதில் இல்லை, அழுத்தம் ஏறத்தாழ எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். பெயர்ச்சொல் வகுப்புகள் மட்டுமே பொறுமையைச் சோதிக்கும். பொதுவழக்கின் தாயகமே அந்த நகரம் என்பதால், பாடநூலில் படித்ததும் தெருவில் கேட்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பிபிசியின் சுவாஹிலி ஒலிபரப்பு 1957 முதல் நடக்கிறது. ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லேயிலும் சுவாஹிலிச் சேவை உண்டு. புறப்படும்வரை நாள்தோறும் செய்தி கேட்டுவந்தால் காது பழகிவிடும். பழைய நகரப் பகுதியில் நடக்கும்போது தோளும் முழங்காலும் மறையும் உடை நல்லது என்பதையும் மகளிடம் சொல்லிவையுங்கள். சல்வார் கமீஸ் போதும்.